ஓ-யூ-ஜி-ஹெச்: நான்கு எழுத்து, ஒன்பது ஒலி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குப் போகும் பெரியவர்களும் சேர்ந்து உட்காரும் ஆங்கில வாசிப்பு வகுப்பு ஒன்றை மாலை நேரத்தில் நடத்திவருகிறேன். எந்தப் பாடமானாலும் சரி, ஓ, யூ, ஜி, ஹெச் என்ற நான்கு எழுத்துகளும் இதே வரிசையில் ஒரு சொல்லில் வந்துவிட்டால், வாசிப்பவரின் குரல் அந்த இடத்தில் தடுக்கி நின்றுவிடும். அதன்பின் எழும் கேள்விகளும் ஏறக்குறைய அதே கேள்விகள்தாம். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான்கு எழுத்துகளையும் சொல்லிக்கொண்டிருப்பது சலிப்பாக இருக்கும் என்பதால், இந்தக் கோவையை இனி ‘நாற்கூட்டு’ என்றே குறிப்பிடுகிறேன்.

“சார், இதற்கு உண்மையில் எத்தனை உச்சரிப்பு? ஒருவர் ஆறு என்கிறார், இன்னொருவர் ஒன்பது என்கிறார்.”

இரண்டும் சரிதான், எதுவரை எண்ணுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. ‘வழியாக’ என்னும் பொருள் தரும் ‘த்ரூ’வில் நாற்கூட்டு ஊ என்று ஒலிக்கிறது. ‘என்றாலும்’ என்னும் ‘தோ’விலும், பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’விலும் அது ஓ. சொரசொரப்பைச் சொல்லும் ‘ரஃப்’ என்பதில் அஃப்; இருமலைச் சொல்லும் ‘காஃப்’ என்பதில் ஆஃப். ஏரைக் குறிக்கும் ‘ப்ளௌ’வில், ஔவையார் என்னும்போது முதலில் வருகிற ஔ. ‘நினைத்தான்’ என்னும் ‘தாட்’டில், உதட்டைச் சற்றே குவித்து ஆவுக்கும் ஓவுக்கும் இடையில் சொல்லும் ஒரு நெடில். இவை ஆறு.

‘முழுமையான’ என்னும் ‘தரோ’வை இங்கிலாந்துக்காரர் கடைசியில் தேய்ந்த அகரமாக முடிப்பார், அமெரிக்கரும் நாமும் ஓகாரமாக முடிப்போம். அந்தத் தேய்ந்த அகரத்தைக் கணக்கில் சேர்த்தால் ஏழு. விக்கலைக் குறிக்கும் சொல்லின் ஒரு பழைய எழுத்துக்கூட்டில் அது ‘அப்’ என்றும், அயர்லாந்தில் ஏரியைக் குறிக்கும் சொல்லில் ‘ஆக்’ என்றும் ஒலிப்பதையும் சேர்த்தால் ஒன்பது. அன்றாட வாசிப்புக்கு முதல் ஏழே போதும்.

“ஜி, ஹெச் இரண்டையும் பல சொற்களில் வாயால் சொல்லவே போவதில்லை. பிறகு எதற்கு எழுத வேண்டும்?”

ஒரு காலத்தில் சொன்னார்கள், அதனால் எழுதினார்கள். ‘பகல்’ என்று பேச்சில் சொல்லும்போது நடுவிலுள்ள ககரம் முட்டி நிற்காமல் உரசிக்கொண்டு வருகிறது அல்லவா? அந்த உரசலைக் குரல் கலக்காமல் வெறும் காற்றாக விட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அந்தப் பழைய ஒலி கிடைத்துவிடும். ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மனில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. இரவு அங்கே ‘நாஹ்ட்’, மகள் ‘டோஹ்டர்’, எட்டு ‘ஆஹ்ட்’. இதே பொருள்களுக்குரிய ஆங்கிலச் சொற்களான ‘நைட்’, ‘டாட்டர்’, ‘எய்ட்’ மூன்றிலும் ஜி, ஹெச் ஊமையாக நிற்பதைக் கவனித்தால், எந்த ஒலி விட்டுச்சென்ற காலியிடம் அது என்பது விளங்கும்.

பழைய ஆங்கிலத்தில் இந்த ஒலியை ஹெச் என்ற ஒற்றை எழுத்தாலேயே எழுதினார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்களின் கைக்கு ஏடுகள் போயின. காலப்போக்கில் இந்த ஒலிக்கு ஜி, ஹெச் என்ற இரட்டை எழுத்து வழக்கமாயிற்று. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபோது அந்த ஒலி பலருடைய வாயில் இன்னும் இருந்தது. அச்சு எழுத்துகள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டன, வாய்கள் விட்டுவிட்டன.

“சரி, ஒலி போய்விட்டது. போனது ஒரே மாதிரி போயிருக்கலாமே! ஏன் ஒன்று ‘தோ’, ஒன்று ‘டஃப்’?”

அந்த உரசல் ஒலி மறைந்த வழிகள் இரண்டு. சில சொற்களில் அது தடமே இல்லாமல் கரைந்தது. அவைதாம் ‘தோ’, ‘த்ரூ’, ‘ப்ளௌ’ முதலியவை. வேறு சில சொற்களில் அது ஃப் ஆக மாறியது. ஊ, ஓ போன்ற ஒலிகளைச் சொல்லும்போது உதடு குவிகிறது. தொண்டைப் பக்கம் இருந்த உரசல், குவிந்திருந்த உதட்டுக்கே இடம்பெயர்ந்துவிட்டது. ‘டஃப்’, ‘ரஃப்’, ‘இனஃப்’ எல்லாம் அப்படிப் பிறந்தவை. குள்ளரைக் குறிக்கும் ‘ட்வார்ஃப்’ என்ற சொல்லும் பழங்காலத்தில் இதே உரசலோடு முடிந்ததுதான். அதன் எழுத்துக்கூட்டு மட்டும் எஃப் என்று மாறிக்கொண்டதால் இன்று நம்மைத் தொந்தரவு செய்யாமல் இருக்கிறது.

எந்தச் சொல் எந்த வழியில் போக வேண்டும் என்று யாரும் கூடிப் பேசி முடிவுசெய்யவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு வழக்கு. பல வட்டாரத்தாரும் வந்து குடியேறிய லண்டனின் பேச்சில் அவை கலந்தன. ‘டோ’ என்ற மாவுக்கே வடக்கில் ‘டஃப்’ என்றொரு உச்சரிப்பு இருந்தது. ஒருவகைக் களியின் பெயராக அது டி-யூ-எஃப்-எஃப் என்ற எழுத்துகளில் இன்றும் வாழ்கிறது. போதாக்குறைக்கு, ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தன. கையெழுத்துச் சுவடிகளின் காலத்தில் ‘த்ரூ’வை மட்டும் நூற்றுக்கணக்கான விதங்களில் எழுதியிருக்கிறார்கள். பேச்சுகள் பலவாக இருக்க, அச்சு அவற்றுள் ஒரு எழுத்துக்கூட்டைப் பிடித்து நிறுத்தியது. அதுதான் இந்தக் குழப்பத்தின் அடி.

“விதி என்று ஒன்றாவது இருக்கிறதா, இல்லை எல்லாமே மனப்பாடம்தானா?”

ஒரே ஒரு நல்ல விதி இருக்கிறது, அது பாதிச் சுமையை இறக்கிவிடும். நாற்கூட்டுக்கு அடுத்து டி என்ற எழுத்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால், மேலே சொன்ன ‘தாட்’ ஒலியையே கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வாங்கினான் என்னும் ‘பாட்’, கொண்டுவந்தான் என்னும் ‘ப்ராட்’, சண்டையிட்டான் என்னும் ‘ஃபாட்’, தேடினான் என்னும் ‘ஸாட்’, ‘வேண்டும்’ என்று கடமையைச் சொல்லும் ‘ஆட்’, சுழியத்தைக் குறிக்கும் ‘நாட்’ எல்லாம் இந்த வரிசை. புழக்கத்தில் உள்ள விதிவிலக்கு வறட்சியைக் குறிக்கும் ‘ட்ரௌட்’ ஒன்றுதான். வீரமுள்ள என்னும் பொருளில் ‘டௌட்டி’ என்று இன்னொன்று உண்டு, ஆனால் அதைப் பழைய கதைகளில்தான் சந்திப்பீர்கள்.

டி வராத சொற்களுக்கு விதி கிடையாது. ஆனால் அவை மிகச் சிலவே. ஒரு தபால் அட்டையின் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிவிடலாம்.

“‘பாட்’டும் ‘ப்ராட்’டும் எனக்கு எப்போதும் மாறிப்போகிறது. வாங்கினேன் என்பதற்குக் கொண்டுவந்தேன் என்று எழுதிவிடுகிறேன்.”

இது உச்சரிப்புச் சிக்கலாகத் தோன்றினாலும் உண்மையில் ஓர் எழுத்துச் சிக்கல். இரண்டுக்கும் வித்தியாசம் ஆர் என்ற ஒரே எழுத்து. நிகழ்காலத்தைப் பாருங்கள்: கொண்டுவருவதைச் சொல்லும் ‘ப்ரிங்’கில் ஆர் இருக்கிறது, ஆகவே ‘ப்ராட்’டிலும் ஆர் இருக்கும். வாங்குவதைச் சொல்லும் ‘பை’யில் ஆர் இல்லை, ஆகவே ‘பாட்’டிலும் இல்லை. இதைச் சொல்லிக்கொடுத்தபின் இந்தத் தவறு திரும்ப வந்து நான் பார்த்தது குறைவு.

“வறட்சிக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு? ‘ட்ராட்’ என்று சொன்னால் என்ன?”

‘ட்ராட்’ என்று சொன்னால் கேட்பவர் திகைப்பார், அவ்வளவுதான். என் வகுப்பில் ஒரு சிறுமி, ஆங்கிலச் சொற்களின் தலைக்கு மேல் பென்சிலால் தமிழில் உச்சரிப்பை எழுதிவைக்கும் பழக்கமுடையவள். ‘தாட்’, ‘பாட்’, ‘ஃபாட்’ என்று எழுதிக்கொண்டே வந்தவள், அடுத்த சொல்லுக்கு ‘ட்ராட்’ என்று எழுதினாள். தவறு என்றதும் அழித்து ‘ட்ரோட்’ என்றாள். அதையும் அழித்து ‘ட்ரஃப்ட்’ என்றாள். கடைசியில் அந்த இடத்தில் தாளே கிழிந்துவிட்டது. அவள் மீது குற்றமில்லை. விதியை ஒழுங்காகப் பின்பற்றியவள்தான் அங்கே விழுவாள்.

காரணம், இந்தச் சொல் வேறு குடும்பத்தில் பிறந்தது. ‘உலர்ந்த’ என்னும் ‘ட்ரை’யும் இதுவும் ஒரே வேர், பழைய வடிவத்தில் இதற்கு நெடில் ஊகாரம் இருந்தது. முன் சொன்ன உயிர் மாற்றத்தில் நெடில் ஊ எல்லாம் ஔ ஆகிவிட்டது. வீட்டைக் குறித்த ‘ஹூஸ்’, ‘ஹௌஸ்’ ஆனதும் அப்படித்தான். ‘தாட்’ வரிசைச் சொற்களில் அந்த இடத்தில் இருந்தது ஓகர வகை, ஆகவே அவை வேறு வழியில் போயின.

“‘தோ’, ‘த்ரூ’, ‘தாட்’, ‘தரோ’: டி-ஹெச்சில் தொடங்கும் இந்த நான்கும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?”

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். முதலில் டி இருக்கிறதா என்று கடைசியில் பாருங்கள், இருந்தால் ‘தாட்’. மீதி மூன்றில் ஆர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ‘தோ’. ஆர் இருப்பவை இரண்டு. டி-ஹெச்சை ஒட்டியே ஆர் வந்தால் ‘த்ரூ’. டி-ஹெச்சுக்கும் ஆருக்கும் நடுவில் ஓர் ஓ புகுந்திருந்தால் ‘தரோ’. ‘தோ’வின் முதல் ஒலி, ‘அதோ பார்’ என்னும்போது வருகிற தோவைப் போன்றது. மற்ற மூன்றிலும் நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்துக் காற்றை மட்டும் விட வேண்டும். அதற்கு நம்மிடம் நேரான எழுத்து இல்லை.

‘த்ரூ’வும் ‘தரோ’வும் குழம்புவதற்கு ஒரு நியாயமும் உண்டு: இரண்டும் ஒரு தாய்ச் சொல்லின் பிள்ளைகள். ‘வழியாக’ என்ற பொருள் கொண்ட பழைய சொல் அழுத்திச் சொல்லும் இடத்தில் ஈரசையாகி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அதாவது ‘முழுமையாக’ என்ற பொருளைப் பெற்றது. போக்குவரத்துச் சாலையைக் குறிக்கும் ‘தரோஃபேர்’ என்ற சொல்லில், வழியாகச் செல்லுதல் என்ற பழைய பொருள் அப்படியே தங்கியிருக்கிறது.

“எந்தெந்தச் சொல்லில் ஃப் வரும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்களேன்.”

சொரசொரப்பு ‘ரஃப்’, கடினம் ‘டஃப்’, போதும் என்னும் ‘இனஃப்’, இருமல் ‘காஃப்’, மாட்டுத் தொட்டி ‘ட்ராஃப்’. இந்த ஐந்தும், ஸ்லௌ பற்றிய கேள்வியில் வரும் ஒன்றும் தெரிந்தால் போதும். முதல் மூன்றில் அகரம், அடுத்த இரண்டில் ஆகாரம் போன்ற ஒலி.

கிளையைக் குறிக்கும் ‘பௌ’ இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானே அதை நெடுங்காலம் ‘போ’ என்று வாசித்து வந்தவன். மாணவர் ஒருவர் அகராதியைத் திறந்து காட்டித் திருத்தினார்.

“ஏ-யூ-ஜி-ஹெச் என்று வருகிறதே, அதுவும் இதே கதையா?”

அண்ணன் தம்பி. பிடித்தான் என்னும் ‘காட்’, கற்பித்தான் என்னும் ‘டாட்’, மகளாகிய ‘டாட்டர்’ எல்லாம் ‘தாட்’ போலவே ஒலிக்கும், எழுத்தில் மட்டும் ஓவுக்குப் பதில் ஏ. சிரிப்பைக் குறிக்கும் ‘லாஃப்’ ஃப் பக்கம் போயிற்று. விதியை மீறி, டிக்கு முன்னாலும் ஃப் ஒலிக்கும் சொல் ‘ட்ராஃப்ட்’. கதவிடுக்கில் வரும் காற்றோட்டத்தை இங்கிலாந்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள். அமெரிக்கர் அதை எஃப் போட்டு எழுதிச் சிக்கலைத் தீர்த்துக்கொண்டார்கள்.

“விக்கலுக்குள் இருமல் எப்படி வந்தது?”

தவறுதலாக. விக்கல் சத்தத்தைப் போலச் சொல்லிப் பிறந்த சொல் ‘ஹிக்கப்’. பின்னால் வந்த யாரோ, விக்கலும் ஒருவகை இருமல்தானே என்று எண்ணி, அதன் வாலில் ‘காஃப்’ என்பதன் எழுத்துகளை ஒட்டிவிட்டார்கள். வாய் மட்டும் மாறவில்லை. எப்படி எழுதினாலும் ‘ஹிக்கப்’ என்றே சொல்ல வேண்டும். எளிய எழுத்துக்கூட்டே இன்று பெருவழக்கு, அதையே எழுதுங்கள்.

“ஸ்லௌ, ஸ்லஃப், ஸ்லூ: ஒரே எழுத்துக்கூட்டுக்கு அகராதி மூன்றையும் காட்டுகிறது. அச்சுப்பிழையா?”

பிழையில்லை. சேற்றுக்குழி என்ற பொருளில் இங்கிலாந்தில் ‘ஸ்லௌ’. லண்டனுக்கு மேற்கேயுள்ள ஊரின் பெயரும் அதே. சதுப்பான நீர்ப்பகுதி என்ற பொருளில் அமெரிக்காவில் ‘ஸ்லூ’. பாம்பு சட்டை உரிப்பதைச் சொல்லும்போது ‘ஸ்லஃப்’. அது வேறு சொல், எழுத்துக்கூட்டில் மட்டும் தற்செயலாக ஒன்றுபட்டது. முதலில் வாக்கியத்தில் பாம்பு இருக்கிறதா, சேறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். கண்ணால் மட்டும் வாசிக்க முடியாத சொல் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

“ஆள் பெயர், ஊர்ப் பெயர்களை எப்படி வாசிப்பது?”

பெயருக்கு உரியவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படி, வேறு வழியில்லை. இங்கிலாந்தின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் டேரன் காஃப் இருமல் பக்கம். கால்பந்துப் பயிற்சியாளர் ப்ரையன் க்ளஃப் சொரசொரப்புப் பக்கம். இயற்கை ஆவணப்படங்களால் அறியப்பட்ட டேவிட் ஆட்டன்பரோவின் பெயர் ‘தரோ’வின் பக்கம், கடைசி ஓகாரத்தை அவர் நாட்டார் தேய்த்து ‘ஆட்டன்பர’ என்பதுபோல் முடிப்பார்கள்.

லெஸ்டர்ஷையரிலுள்ள லஃப்பரோ என்ற ஊரின் பெயரில் நாற்கூட்டு இரண்டு முறை வருகிறது: முதலாவது அஃப், இரண்டாவது தேய்ந்த அகரம். எழுத்துக்கு எழுத்து வாசித்து அந்த ஊருக்கு வழி கேட்டால் வழி கிடைக்காது. அயர்லாந்து தீவின் மிகப் பெரிய ஏரியான லாக் நே இன்னொரு வகை. அதன் முதற்சொல்லில் இரண்டாம் கேள்வியில் விவரித்த பழைய உரசல் ஒலியை அவ்வூரார் சிலர் வாயில் இன்றும் கேட்கலாம். அது வராதவர்கள் ‘க்’ என்று முடிக்கிறார்கள்.

“ஜி-ஹெச்-ஓ-டி-ஐ என்று எழுதி ‘ஃபிஷ்’ என்று வாசிக்கலாம் என்கிறார்களே, உண்மையா?”

வேடிக்கைக்காகச் சொல்வது. ‘இனஃப்’பிலுள்ள ஜி-ஹெச் ஃப் என்றும், பெண்களைக் குறிக்கும் ‘விமென்’ என்ற சொல்லின் ஓ இகரமாகவும், ‘நேஷன்’ என்பதிலுள்ள டி-ஐ ஷ் என்றும் ஒலிப்பதைச் சேர்த்தால் மீன் வரும் என்பது வாதம். ஆனால் ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் ஜி-ஹெச் வந்தால் அது ‘கோஸ்ட்’ என்ற பேயில் வருவதுபோல் ககரம்தான். ஃப் ஆவது, மூன்றாம் கேள்வியில் சொன்ன காரணத்தால், உயிருக்குப் பின்னால் மட்டுமே. ஆக அந்தச் சொல்லை ஆங்கிலேயர் யாரும் இயல்பாக மீன் என்று வாசிக்கமாட்டார்.

இதை நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னதாகப் பலரும் எழுதுகிறார்கள். 1855இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்திலேயே இந்த வேடிக்கை இருக்கிறது; ஷா பிறந்ததே 1856இல்தான்.

“இவ்வளவு தொல்லையென்றால் மாற்றிவிடலாமே? யாரும் முயலவில்லையா?”

முயன்றார்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1906ஆம் ஆண்டு ஆகஸ்டில், 300 சொற்களை எளிய எழுத்துக்கூட்டில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவிட்டார். ‘தோ’, ‘த்ரூ’, ‘தரோ’ மூன்றின் வாலையும் வெட்டிய வடிவங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் எதிர்த்தது, ஆண்டு முடிவதற்குள் அவர் பின்வாங்கினார். சிக்காகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1934இல் தொடங்கி இத்தகைய குறுக்கங்களை விடாப்பிடியாக அச்சிட்டுப் பார்த்து, 1975இல் ‘த்ரூ’, ‘தோ’ முதலியவற்றையும் கைவிட்டது.

ஏருக்கான எழுத்துக்கூட்டு மட்டும் அமெரிக்காவில் வெற்றிகரமாகச் சுருங்கியது; நோவா வெப்ஸ்டரின் 1828ஆம் ஆண்டு அகராதி சுருங்கிய வடிவத்தையே ஏற்றது. டோனட் கடைகளின் பலகைகளிலும், காரைவிட்டு இறங்காமல் உணவு வாங்கும் ‘டிரைவ் த்ரூ’ பலகைகளிலும் குறுக்கங்கள் உண்டு. பலகையில் இருப்பதாலேயே தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள். கைப்பேசியில் நண்பருக்கு எழுதுவது உங்கள் விருப்பம்.

“நம் தமிழில் எழுதியபடியே வாசிக்கிறோம். இந்தக் கூத்து நம்மிடம் இல்லையே?”

இந்த அளவுக்கு இல்லை என்பது உண்மை. அறவே இல்லை என்பது உண்மையில்லை. ‘மரம்’, ‘மறம்’ இரண்டையும் நம்மில் பலர் ஒரே மாதிரிதான் சொல்கிறோம், ஆனால் எழுதும்போது சின்ன ர, பெரிய ற என்று பிரிக்கிறோம். ‘பளம்’ என்று சொல்பவரும் ‘பழம்’ என்றே எழுதுகிறார். நகரம், னகரம் இரண்டையும் காதால் மட்டும் கேட்டுப் பிரிக்கச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்? வாய் விட்டுவிட்டதை எழுத்து காப்பாற்றிவைப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆங்கிலம் அதைக் கொஞ்சம் தாராளமாகச் செய்துவிட்டது.

“அந்தச் சிறுமியைப் போல் தமிழில் உச்சரிப்பை எழுதிவைத்துப் படிக்கலாமா?”

தொடக்கத்தில் எழுதலாம், ஆனால் அதையே நம்பியிருக்கக் கூடாது. ‘டோ’ என்று எழுதினால் அது மாவா, கால்விரலா என்று தமிழ் எழுத்து காட்டாது. கால்விரலைக் குறிக்கும் சொல்லையும் நாம் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ‘பாட்’ என்று எழுதினாலும் வாங்கியதா, பானையா என்ற ஐயம் உண்டு.

நான் செய்யச் சொல்வது வேறு. ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் நன்கு தெரிந்த ஒரு சொல்லை வையுங்கள்: த்ரூ, தோ, ரஃப், காஃப், ப்ளௌ, தாட். ‘தரோ’வைத் தாளின் ஓரத்தில் தனியாக எழுதுங்கள். புதிய சொல் ஒன்று எதிர்ப்பட்டால் அகராதியில் ஒலியைக் கேட்டு, அது எந்தச் சொல்லோடு எதுகை சேருகிறதோ அந்தக் கட்டத்தில் போடுங்கள். தாள் கிழிந்த அந்தச் சிறுமி இப்போது அப்படியொரு தாளைப் புத்தக அட்டையின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறாள். அதில் ‘ட்ரௌட்’ இருப்பது ‘ப்ளௌ’ கட்டத்தில், சுற்றிலும் சிவப்பு மையில் ஒரு வட்டத்தோடு.